முன்னாள் வீரர்களுக்கு அமெரிக்க அரசே நாய் தருகிறதா?

"போரில் மனம் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு வீரருக்கும் அமெரிக்க அரசு இலவசமாக ஒரு நாய் தருகிறது. 2021-லேயே சட்டம் வந்துவிட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

சட்டம் வந்தது உண்மை. அந்த ஆண்டு ஆகஸ்டில் அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்திட்டார். ஆனால் அதில் வீரர்தான் பயிற்சியாளர். மன அதிர்ச்சி நோயுள்ளவர் நாய்க்குக் கட்டளைகளைக் கற்றுக்கொடுக்கிறார். அதுவே அவருக்குச் சிகிச்சை. ஐந்தாண்டுச் சோதனைத் திட்டமாக 5 இடங்களில் தொடங்கியது. மருத்துவரும் ஒத்துக்கொண்டால் அந்த நாயையே வைத்துக்கொள்ள வழியுண்டு. எல்லோருக்குமான உரிமை அல்ல.

அப்புறம் வீரர்களுக்குத் துணையாக இருக்கும் உதவி நாய்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் தொண்டு அமைப்புகளிடமிருந்து. குட்டியை ஏதோ ஒரு தன்னார்வக் குடும்பம் ஓராண்டுக்கும் மேலாக வளர்க்கும். கடை, பஸ், கூட்டம் எல்லாம் பழக்கும். பழகியதும் பிரிந்து கொடுக்கவும் வேண்டும், லேசான காரியமா? பிறகு கெட்ட கனவில் அலறுபவரை மூக்கால் முட்டி எழுப்புவது, விளக்கைப் போடுவது போன்ற வேலைகளை அந்த அமைப்புகளின் பயிற்சியாளர்கள் கற்றுத்தருவார்கள். இதற்கு நாள் பிடிக்கும், பணமும் நிறையவே பிடிக்கும். தகுதியுள்ள வீரர்களின் நாய்க்கு மருத்துவக் காப்பீட்டை முன்னாள் வீரர் நலத்துறை ஏற்கிறது.

இதோடு சேர்த்துப் பகிரப்படும் 'ஆன்லைனில் பதிவுச் சான்றிதழ் வாங்கினால் போதும், எந்த நாயும் உதவி நாய் ஆகிவிடும்' என்பதும் பொய். அங்கே அப்படியொரு கட்டாயப் பதிவே கிடையாது. காசு கொடுத்து வாங்கும் அந்தச் சான்றிதழுக்குச் சட்ட மதிப்பு இல்லை.