தாழ்ப்பாளை யார் போட்டது, அதைச் சொல்லுங்கய்யா முதலில்!

உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறை. கதவை உடைத்தால் பிணம். சுவரில் கரியால் வரைந்த ஒரு குழந்தை முகம். போலீஸ் உதவிக்குக் கூப்பிட்ட மனநல மருத்துவரின் நோட்டில், மூன்று நாளுக்கு முந்தைய தேதி போட்டு அதே முகம். வரைந்த ஞாபகமே அவருக்கு இல்லை. படம் தொடங்கி 20 நிமிடம்தான் ஆகிறது, ஆளைக் கட்டிப் போட்டாயிற்று.

110ஆவது நிமிடத்தில் விடை வருகிறது. கொன்றது டாக்டரேதான், அவருக்குள் இன்னொரு ஆள் இருக்கிறான், சுபம். சரி, உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டது யார்? செத்தவனா? அதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விட மாட்டார்கள்.

இது ஏதோ ஒரு படத்தின் கதையில்லை. சைக்கலாஜிக்கல் த்ரில்லர் என்று போஸ்டர் ஒட்டி வருகிற எத்தனையோ படங்களின் அச்சு இதுதான். கரித்துண்டுக்குப் பதில் பொம்மை இருக்கும், டாக்டருக்குப் பதில் எழுத்தாளர் இருப்பார். வியாதி ஒன்றே: கேள்வியை முதலில் எழுதிவிட்டு, விடையைப் பிறகு தேடுவது. மர்மம் கிளப்புவதற்கு என்ன செலவு? ஒரு கரித்துண்டு, ஒரு வயலின், பாதி இருட்டு. ஒவ்வொரு மர்மமும் பார்ப்பவரிடம் வாங்கும் கைமாற்று என்ற நினைப்பே கிடையாது. முதல் 40 நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை வாங்கிவிட்டு, க்ளைமாக்ஸில் மஞ்சக் கடுதாசி நீட்டுகிறார்கள்.

எல்லாவற்றிலும் வயிறு எரிவது 'அந்த நண்பன் உண்மையில் இல்லவே இல்லை' ட்விஸ்ட். அதைச் செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கென்று கணக்கு உண்டு. கற்பனை ஆள் கதவைத் திறக்கக் கூடாது. அவன் உள்ளே வரும்போது கதவு ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். மூன்றாவது ஆள் இருக்கும் காட்சியில் அவன் பேசலாம், ஆனால் அவனுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது, அவனைச் சுற்றிக்கொண்டு நடக்கவும் கூடாது. காரை அவன் ஓட்டினால், ஹீரோ தனியாக ஓட்டிப் போனதாகவும் அந்தக் காட்சி பொருந்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஹீரோ இல்லாத இடத்தில் அவனுக்குத் தனிக் காட்சியே இருக்கக் கூடாது. இருந்தால் அது யாருடைய கற்பனை? கேமராமேனுடையதா? இந்த ட்விஸ்ட் வந்ததும் படத்தைத் திருப்பி ஓட்டிப் பாருங்கள், வெயிட்டர் அந்த 'இல்லாத' நண்பனிடம் ஆர்டர் கேட்டுக்கொண்டு நிற்பார்.

மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கே இதில் ஒரு தடவை சறுக்கியிருக்கிறார். 1950இல் வந்த 'ஸ்டேஜ் ஃப்ரைட்' படத்தில், ஒரு பாத்திரம் சொல்லும் பொய்யை ஃப்ளாஷ்பேக்காகக் காட்சியாகவே எடுத்துவிட்டார். வாயால் சொன்னால் பொய்யாக இருக்கலாம். திரையில் கண்ணால் பார்த்ததை ஜனங்கள் நம்பத்தான் செய்வார்கள். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று பின்னால் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் அவரே ஒப்புக்கொண்டார். அவரே கன்னத்தில் போட்டுக்கொண்ட தப்பை இன்றைக்கு 'மைண்ட் பிளோயிங்' என்று விற்கிறார்கள்.

அடுத்து வியாதி. கதை முட்டிக்கொண்டு நிற்கும் இடத்திலெல்லாம் மனநோய் ஒரு குப்பைத்தொட்டி. விடை கிடைக்கவில்லையா, போடு அதில். கொலைகாரனுக்கு ஸ்கிஸோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்பார்கள், காட்டுவது இரட்டை ஆளுமை. இரண்டும் வேறு வேறு ஐயா! 1908இல் சுவிஸ் மனநல மருத்துவர் பிளாய்லர் வைத்த அந்தப் பெயருக்குப் 'பிளந்த மனம்' என்று பொருள், குழப்பம் அங்கே ஆரம்பித்தது. இரட்டை ஆளுமை என்று இவர்கள் காட்டும் கோளாறுக்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994இலேயே பெயரையே மாற்றிவிட்டது. ஸ்கிஸோஃப்ரினியாவில் பெரும்பாலும் வருவது காதில் கேட்கும் குரல்கள். வருஷக்கணக்கில் கூடவே குடித்தனம் நடத்தி, ஜோக்கடித்து, செஸ் விளையாடும் முழு மனிதன் அல்ல.

ஞாபக மறதி இன்னும் மோசம். தலையில் அடி, பெயர் ஊர் எல்லாம் மறந்துபோச்சு. இன்னொரு அடி, எல்லாம் திரும்பி வந்தாச்சு. மண்டையில் அடிபட்டவர்களுக்குப் பொதுவாக மறப்பது விபத்தை ஒட்டிய நேரமும் அதற்குப் பின் நடப்பதும்தான். இரண்டாவது அடி மூளையை இன்னும் கெடுக்கும். அது என்ன ரிப்பேரான டிவியா, தட்டினால் படம் வர?

இதையெல்லாம் சமாளிக்க வருகிறார் விளக்க டாக்டர். 1960இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' முடிவிலும் ஒரு மனநல மருத்துவர் நின்று சில நிமிடம் பாடம் நடத்துவார், அந்தப் படத்திலேயே தொய்வான இடம் அதுதான். ஆனால் அதற்கப்புறம் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் கொலைகாரனின் முகம் வருகிறதே, அது அத்தனை பேச்சையும் அடித்துத் துடைத்துவிடும். நம் ஆட்கள் பேச்சை மட்டும் காப்பி அடித்தார்கள், முகத்தை விட்டுவிட்டார்கள். 120 நிமிடப் படத்தில் 105இல் முடிச்சை அவிழ்த்தால் பேசித்தான் தீர்க்க முடியும். 85, 90இலேயே அவிழ்த்துவிட்டு, உண்மை தெரிந்த பிறகு அந்த மனிதன் என்ன செய்வான் என்று காட்ட அரை மணி நேரம் வைத்திருக்கலாம். அந்தப் பகுதிதானே சைக்கலாஜிக்கல்!

கடைசி 15 நிமிடத்தில் புதிதாக முளைக்கும் கொலைகாரன், சொல்லாமல் கொள்ளாமல் வரும் இரட்டையன், இரண்டையும் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929லேயே துப்பறியும் கதைக்கு ஆகாது என்று எழுதி வைத்துவிட்டார். நூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெப் சீரிஸ் என்றால் கேட்கவே வேண்டாம். எட்டு எபிசோடில் ஏழாவது முழுக்க வில்லனின் சின்ன வயசு. அவனை அப்பா அடித்தார் என்று சொல்ல ஒரு காட்சி போதாதா?

இத்தனை பாக்கியை வைத்துக்கொண்டு பெயர்கள் ஓடி முடிந்ததும் ஒரு காட்சி: மனநலக் காப்பகம், டாக்டர் கட்டிலில் கிடக்கிறார், சுவரில் அதே குழந்தை முகம், மெல்லச் சிரிக்கிறது. இரண்டாம் பாகம் வருதாம். பழைய கைமாற்றையே தராதவன் புதுசாகக் கையை நீட்டுகிறான். நீட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தத் தாழ்ப்பாள்?