ஹ்யூகோவின் கை

‘அக்கா, இது நீ விளையாட வேண்டிய கேம்’ என்று தம்பி இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போன சனிக்கிழமைதான் உட்கார்ந்தேன். ‘எ பிளேக் டேல்: இன்னசன்ஸ்’. பிரான்சில் போர்தோ நகரத்து அசோபோ ஸ்டுடியோ செய்து 2019-இல் வந்தது. நாலு அத்தியாயம்தான் ஆகியிருக்கிறது. முடித்துவிட்டு எழுதலாம் என்றால் மனசு கேட்கவில்லை.

கதை நடப்பது 1348-இல், பிளேக் நோய் பரவிய பிரான்சில். அமிசியாவுக்கு 15 வயது, தம்பி ஹ்யூகோவுக்கு 5. அவன் பிறவியிலேயே நோயாளி என்பதால் அம்மா தனியாக வைத்து வளர்த்திருக்கிறாள். கூடப்பிறந்த அக்காவுக்கே அவனைச் சரியாகத் தெரியாது. ஒருநாள் திருச்சபையின் மதவிசாரணைப் படை (இன்குவிசிஷன்) வீட்டுக்குள் புகுந்து வெட்டித் தள்ள, இவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள்.

அந்தக் கைதான் இந்த கேம். ஒளிந்து ஒளிந்து போகும் கேம்கள் நிறைய ஆடியிருக்கிறேன், எல்லாவற்றிலும் நான் தனி ஆள். இங்கே ஒரு சின்னக் கை கூடவே வருகிறது. ஓரிடத்தில் காவலாளி முதுகைக் காட்டி நின்றான். ஹ்யூகோவை மறைவில் நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் முன்னால் போனேன். கொஞ்ச தூரம்தான். பின்னால் அழ ஆரம்பித்துவிட்டான், காவலாளி திரும்பிவிட்டான். ‘ஏன்க்கா அவனைத் தனியா விட்ட?’ என்றான் பக்கத்திலிருந்த என் தம்பி. இவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவள் நான். நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அமிசியாவின் ஆயுதம் கவண். தினைப்புனத்தில் கிளி ஓட்டிய அதே கவண்தான். சுழற்றினால் சத்தம் கேட்கும், சத்தம் கேட்டால் ஆள் வரும்; தலைக்கவசம் போட்டவனைக் கல் ஒன்றும் செய்யாது. குறை என்றால், வழி பெரும்பாலும் ஒன்றுதான், புதிர்களும் சுலபம். சரி, கதைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் அத்தியாயம் வேறு. ஊரில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று ஊரே இந்தப் பிள்ளைகளைத் துரத்துகிறது. அப்புறம் ஆயிரக்கணக்கில் எலிகள் வருகின்றன, ஆனால் எனக்கு அந்த ஊர்க்காரர்கள்தான் பெரிய பயம்.

நான் தினமும் வேலைக்குப் போகும் வழி ஜோஹன்னஸ்பர்க் நியூடவுன். 1904-இல் அங்கே இந்தியர் குடியிருப்பு இருந்தது, நம் தமிழரும் இருந்தார்கள். அந்த மார்ச்சில் பிளேக் வந்தது. நகராட்சி அந்த இடத்தைக் கையகப்படுத்திய பிறகு சுகாதாரத்தைக் கவனிக்கவில்லை என்று காந்தி முன்பே கடிதம் எழுதி எச்சரித்திருந்தார். நோய் வந்ததும் ஒரு காலி வீட்டின் பூட்டை உடைத்து, நோயாளிகளை அங்கே வைத்து அவரும் கூட இருந்தவர்களும் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் குடியிருந்தவர்களை கிளிப்ஸ்பிரைட்டுக்கு அனுப்பிக் கூடாரத்தில் தங்கவைத்துவிட்டு, குடியிருப்பையே கொளுத்தினார்கள். கிளம்புமுன் மண்ணில் புதைத்து வைத்திருந்த காசை ஜனங்கள் தோண்டி எடுத்தார்கள் என்று படித்தபோது ஏதோ பழங்கதை போலத்தான் இருந்தது.

இந்த எலிகள் வெளிச்சத்துக்குப் பயந்தவை. மூன்றாம் அத்தியாயத்திலிருந்து தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும், சுற்றிலும் வட்டமாக விலகி நிற்கும். சில இடங்களில் கையில் ஒரு குச்சி நெருப்புதான், அதுவும் சீக்கிரம் எரிந்து தீரும். அது தீருவதற்குள் அடுத்த வெளிச்சத்துக்கு ஓடும்போதெல்லாம் எனக்கு நியூடவுன்தான் கண்ணில் வந்தது. யார் வீட்டுத் திண்ணை, யார் வீட்டு அடுப்படி எரிந்ததோ.

இன்று ராத்திரி ஐந்தாம் அத்தியாயம். ஆடப்போகிறவர்கள் பிரெஞ்சுக் குரலை வைத்துக்கொள்ளுங்கள், அந்த மண்ணுக்கு அதுதான் பொருந்துகிறது. முடித்தவர்கள் ஹ்யூகோவுக்கு என்ன ஆகிறது என்று தயவுசெய்து இப்போது சொல்லிவிடாதீர்கள்.