வேலை தெரிந்த நாவல்கள்: இந்த வருட வாசிப்பு

வருடக் கடைசி வந்தால் முகநூல் முழுக்க வாசிப்புச் சவால் கணக்குதான். ஐம்பது, நூறு என்று நண்பர்கள் போடும் பட்டியல்களைப் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த முறை எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லை. மாதம் ஒரு தமிழ் நாவல், அதில் யாராவது ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. காதல், குடும்பம், சாதி எது வேண்டுமானாலும் இருக்கட்டும்; அந்த வேலை எப்படி நடக்கிறது என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். அப்படி ஒரு வருடம் வாசித்ததில் மனதில் உறுதியாகப் பதிந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜம் கிருஷ்ணனிடமிருந்து தொடங்குகிறேன். அவருக்கு நாம் செய்திருக்கும் அநியாயத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ‘தகவல் அதிகம், கலை குறைவு’, ‘கள ஆய்வைக் கதையாக்கிவிட்டார்’ என்ற பேச்சை இலக்கியக் கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் எத்தனை பேர் அவரை வாசித்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

1925இல் முசிறியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம், பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. மின்வாரியப் பொறியாளரான கணவரோடு ஊர் ஊராகப் போனார். போன இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நீலகிரியில் படுகர்களோடு பழகி ‘குறிஞ்சித்தேன்’ எழுதினார். அப்புறம் தஞ்சாவூர் விவசாயக் கூலிகளைப் பற்றி ‘சேற்றில் மனிதர்கள்’, சிவகாசியில் வேலைக்குப் போன குழந்தைகளைப் பற்றி ‘கூட்டுக் குஞ்சுகள்’. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசி, 1979இல் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். எங்கள் குழு முதலில் எடுத்தது இதைத்தான்.

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் எனக்கு ஓர் அத்தை உண்டு, என் மனைவியின் பெரிய அத்தை. உடம்பில் தெம்பிருந்த காலமெல்லாம் உப்பளத்தில் உப்பு சுமந்தவர். பொங்கலுக்குப் போயிருந்தபோது இந்த நாவலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். உப்புநீரில் நின்று நின்று கால் புண்ணாவதும், வெள்ளை வெளேர் என்று கிடக்கும் உப்பில் வெயில் பட்டுக் கண் போவதும் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “குதிங்கால் வெடிச்சிரும்யா. தேங்கெண்ணையில மெழுகப் போட்டுக் காய்ச்சி ராத்திரி தடவிட்டுப் படுப்போம். காலையில மறுபடியும் அதே தண்ணியிலதான் எறங்கணும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இத எழுதுன அம்மா எந்த ஊரு?” என்று கேட்டார். முசிறி என்றேன். “அங்க ஏது உப்பளம்?” என்றார்.

இதற்கு மேல் ஒரு விமர்சனம் எனக்குத் தேவைப்படவில்லை. உப்பளமே இல்லாத ஊரில் பிறந்த ஒருவர், அளத்தில் வாழ்நாளைக் கழித்த ஒருவரைப் பாதி வாசிப்பில் நிறுத்திப் பேச வைத்திருக்கிறார். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அந்த உப்பை வாரிக் குவிக்கிறவர்கள் மழை மாதங்களில் அடுப்பெரிக்க என்ன செய்வார்கள் என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியில் மழைநீர் நின்றுவிட்டால் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு கொடுக்க ஆரம்பித்தது சில வருடங்களுக்கு முன்புதான். இதையெல்லாம் ‘தகவல்’ என்று ஒதுக்கினால் அந்த மனிதர்களின் வாழ்க்கையையே ஒதுக்கியதாகத்தான் ஆகும். ‘கரிப்பு மணிக’ளில் வசனம் சில இடங்களில் பிரச்சாரமாகப் போகிறது, உண்மைதான். எனக்கும் அங்கே சலிப்பு வந்தது. ஆனாலும் வேலையைத் தெரிந்து எழுதியிருக்கும் பக்கங்கள் அந்தக் குறையைத் தாங்கிவிடுகின்றன.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ இந்த வருடம் என்னை ரொம்பப் படுத்தியது. 1994இல் வந்த நாவல். தலித் காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. தலித்துகளுக்குள்ளேயே ஒருவர் இன்னொருவரை இப்படி நடத்துவதை எழுதலாமா என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. எழுதியது சரி என்பதுதான் என் கருத்து. ஆனால் நான் பேச நினைப்பது வேறு. ஆரோக்கியம் துணி மட்டுமா வெளுக்கிறாள்? பிரசவம் பார்க்கிறாள், சாவு வீட்டில் சடங்கெல்லாம் செய்கிறாள், களத்துமேட்டில் போய்த் தன் பங்குக்கு நிற்கிறாள், பொழுது சாய்ந்தால் வீடு வீடாக ராச்சோறு எடுக்கிறாள். ஒவ்வொரு வேலையிலும் அவமானம் இருக்கிறது, அவள் பெருமையும் இருக்கிறது. ஊருக்குள் சலவைக் கடையும் தையல் மெஷினும் வந்த பிறகு அவளைத் தேடுகிறவர்கள் குறைகிறார்கள். அந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. இவ்வளவு இழிவான ஏற்பாடு ஒழிவதைப் பார்த்து வாசகன் சந்தோஷப்பட வேண்டும்தானே? முடியவில்லை. அவளுக்கு வேறு எதையும் கொடுக்காமல் அந்த வேலையை மட்டும் பிடுங்கிக்கொள்கிறது ஊர். இமையம் இதற்குத் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் அவளைப் புலம்ப விடுகிறார். அந்தப் புலம்பலைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புரியும்.

‘எரியும் பனிக்காடு’ எங்கள் குழுவில் எல்லோருக்கும் பிடித்தது, எனக்குக் கொஞ்சம் குறைவாக. தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்டதை இரா. முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். மொழிபெயர்ப்பு என்றே தெரியாத அளவுக்கு நல்ல தமிழ். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி கையில் முன்பணம் வாங்கிக்கொண்டு கருப்பனும் வள்ளியும் மலையேறுகிற பகுதியை மறக்கவே முடியாது. அந்தக் கடன் எப்படி வளர்கிறது, ஊர் திரும்பும் வழி எப்படி அடைபடுகிறது என்பதைக் கணக்குப் புத்தகம் போலத் துல்லியமாகக் காட்டுகிறார். ஆனால் மருத்துவர் ஆபிரகாம் வந்த பிறகு அவர் கண்ணால்தான் தோட்டத்தைப் பார்க்கிறோம். உழைக்கிறவர்களாக இருந்தவர்கள் நோயாளிகளாக மாறிவிடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. குழுவில் இதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ வட்டிக்கடை நாவல். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அந்தக் கடைகளில் இருந்த படிநிலையெல்லாம் அவருக்கு அத்துப்படி, அந்த உலகத்தில் இருந்தவர் அவர். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ பனைவிளையும் பனையேறியும் இருக்கும் நாவல் என்றுதான் எடுத்தோம். லிஸியின் காதல் எங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சோ. தர்மனின் ‘சூல்’ கண்மாயைக் காப்பாற்றிய ஒரு ஊரையும் அதை இழந்த ஊரையும் காட்டுகிறது. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை எங்கள் பட்டியலில் சேர்க்கலாமா என்று விவாதம் நடந்தது. ‘அதில் என்ன தொழில் இருக்கிறது?’ என்றார் ஒரு நண்பர். குழுவில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவருக்குப் பதில் சொன்னார்கள். தண்ணீர் பிடிப்பது வேலை இல்லையா? சென்னையில் ஒரு தெருவே குடத்தோடு அலைகிறது, ஜமுனாவின் நாள் பம்பு அடிப்பதிலேயே போகிறது. அதற்குக் கூலியும் கிடையாது, சங்கமும் கிடையாது. என்னைக் கேட்டால் எங்கள் பட்டியலில் மிகச் சுத்தமாக வேலையைப் பற்றியே எழுதப்பட்ட நாவல் அதுதான். அசோகமித்திரன் குரலை உயர்த்துவதே இல்லை, ஆனால் குடம் எவ்வளவு கனம் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

தமிழில் நம் பாட்டன் பாட்டிகளின் உழைப்பு எப்படி இருந்தது என்று அறிய அரசு ஆவணத்தைத் தேடினால் உற்பத்தி அளவு கிடைக்கும், வரி கிடைக்கும். கால் வெடிப்பும் ராச்சோறும் அதில் இருக்காது. அவை நாவல்களில் மட்டுமே இருக்கின்றன. அங்கேயே பிறந்தவர் எழுதினாரா, வெளியிலிருந்து போய்க் கேட்டு எழுதினாரா என்று தராசு பிடிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். இரண்டும் வேண்டும். ராஜம் கிருஷ்ணன் உப்பளத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் ‘கரிப்பு மணிகள்’ இருந்திருக்காது. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சவாலில் எண்ணிக்கைக்காக மெல்லிய புத்தகம் தேடுகிறவர்கள் அவருக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது, அடுத்த வருடப் பட்டியலைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். தறிக்கு ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு டி. செல்வராஜின் ‘தோல்’, திருப்பூருக்கு எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ என்று முடிவாகிவிட்டது. குடும்பத்தோடு கரும்பு வெட்டப் போகிறவர்கள், செங்கல் சூளை, கல்குவாரி, வீட்டு வேலை செய்யும் அக்காக்கள், நம் ஊர் ஹோட்டல்களில் வேலை பார்க்கும் வடமாநிலப் பையன்கள், இவர்களை வைத்து எழுதப்பட்ட நாவல் எது தெரிந்தாலும் எனக்கு எழுதுங்கள். மொழிபெயர்ப்பாக இருந்தாலும் சரி, பழைய புத்தகக் கடையில் தேட வேண்டியதாக இருந்தாலும் சரி.