‘முதல்’ என்ற சொல்லும் ஹார்லெமின் கராஜும்

பாலே நடனத்தைப் பற்றி எழுதும்போது பத்திரிகைகள் விரும்பிக் கையாளும் சொல் ‘முதல்’. முதல் கறுப்பின நடனமணி, முதல் கறுப்பின முதன்மைக் கலைஞர் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் புதிதாகக் கண்டெடுக்கப்படுகிறார். அந்தச் சொல்லின் மீது எனக்குள்ள மனக்குறையைச் சொல்ல, நியூயார்க்கின் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். உலகம் அதை ஒரு நடனக் குழுவாக அறியும். என் பார்வையில் அது முதலில் பிள்ளைகளுக்கான வகுப்பு; மேடையெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அதைத் தொடங்கிய ஆர்தர் மிட்செல்லே ஒரு ‘முதல்’தான். 1934இல் பிறந்து, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் வளர்ந்த அவர், 1955இல் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்து, பின்னர் அதன் முதன்மைக் கலைஞராக உயர்ந்தார். அந்தக் குழுவில் அந்த இடத்தை எட்டிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். 1957இல் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின் தமது ‘அகான்’ படைப்பில், டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளையின நடனமணிக்கு இணையாக அவரை ஆடவைத்தார். பள்ளிகளில்கூட நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருந்த நாட்டில், ஒருவர் உடலை ஒருவர் பற்றிப் பின்னிப் பிரியும் அந்த இருவர் நடனம் மேடையேறியதே பெரிய செய்தி. அது வணிகத் தொலைக்காட்சிக்கு வர 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, தனி மனிதருக்குக் கிடைக்கும் ‘முதல்’ பட்டம் எவ்வளவு தூரம் செல்லும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை மிட்செல் தம் உடம்பாலேயே அறிந்தவர்.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, அவர் பிரேசிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பாலே குழுவை உருவாக்கும் பணி அவருக்கு இருந்தது. வேறொரு நாட்டுக்குப் போய்ச் செய்யும் வேலையை நம் தெருவில் ஏன் செய்யக் கூடாது என்ற எண்ணம் அவரைத் திருப்பியது. அந்த ஆண்டுக் கோடையில், பாடகி டோரதி மேனர் நிறுவிய ஹார்லெம் ஸ்கூல் ஆஃப் தி ஆர்ட்ஸின் ஆதரவில், ஒரு கராஜில் 30 பிள்ளைகளோடு வகுப்பைத் தொடங்கினார். நெதர்லாந்தில் பாலே ஆசிரியராக இருந்த தம் குரு கேரல் ஷூக்கையும் வரவழைத்துக்கொண்டார். 1969இல் இருவரும் இணை நிறுவனர்களாக அமைப்பைச் சட்டப்படி பதிவு செய்தனர். தம் சேமிப்பிலிருந்து மிட்செல் போட்ட தொகை 25,000 டாலர்.

அந்தக் கராஜ் வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோடை வெயிலில் உள்ளே புழுக்கம் தாங்காது என்பதால் கதவைத் திறந்தே வைத்தார்கள். தெருவில் போகிற வருகிற பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்தார்கள். பாலே கற்க வருவோர் உடலோடு ஒட்டிய டைட்ஸ் அணிய வேண்டும் என்ற விதியை மிட்செல் பையன்களுக்காகத் தளர்த்தினார். முழங்காலுக்கு மேல் வெட்டிய ஜீன்ஸோடு வந்தாலும் சரி என்றார். பியானோவோடு மேளக்காரர்களையும் உட்காரவைத்தார். சில மாதங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கை 400ஐ எட்டியது. இதைத் தரத்தைக் குறைத்துக்கொண்ட சமரசம் என்று சிலர் சொல்லக்கூடும். உடையில்தான் அவர் விட்டுக்கொடுத்தார்; பயிற்சிக் கம்பியைப் பிடித்து முதுகு நிமிர்ந்து நிற்பதில் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை, அவரிடம் கற்றவர்கள் இன்றும் கொஞ்சம் அச்சத்தோடுதான் நினைவுகூர்கிறார்கள்.

அந்த வகுப்பிலிருந்து வளர்ந்த குழு 1971 ஜனவரியில் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் முறையான அரங்கேற்றம் கண்டது. 1984இல் ‘ஜிசெல்’ என்ற பழைய ஐரோப்பியக் கதையை லூசியானாவில் வாழ்ந்த சுதந்திரக் கறுப்பினச் சமூகத்தின் கதையாக மாற்றி அரங்கேற்றியதும், 1988இல் சோவியத் ஒன்றியத்துக்கும் 1992இல் தென்னாப்பிரிக்காவுக்கும் பயணம் போனதும் எல்லா வரலாறுகளிலும் இருக்கின்றன.

எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது காலணி. பாலேவில் டைட்ஸும், விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூவும் இளஞ்சிவப்பாக இருப்பது மரபு. இடுப்பிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாகத் தெரிய வேண்டும் என்பது அதற்கான காரணம். அந்தக் கோடு வெள்ளைத் தோலுக்கு மட்டுமே கூடிவரும். கறுப்பின நடனமணி இளஞ்சிவப்பு டைட்ஸ் அணிந்தால், இடுப்புக்கு மேல் ஒருவரும் கீழே இன்னொருவருமாகத் தெரிவார். ஹார்லெம் குழு 1970களில் இந்த மரபைக் கைவிட்டு, ஒவ்வொருவரும் தத்தம் தோல் நிறத்துக்கே டைட்ஸும் காலணியும் அணியலாம் என்று மாற்றியது. கடையில் அந்த நிறத்தில் எதுவும் கிடைக்காது. டைட்ஸுக்குச் சாயம் தோய்ப்பார்கள். புதுக் காலணியின் பட்டுத் துணி மேல் முகப்பூச்சை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, நாடாவையும் எலாஸ்டிக்கையும் விட்டுவிடாமல் பூசிக் காயவைப்பார்கள். ஒரு பெரிய நிகழ்ச்சி முடிவதற்குள் நைந்துபோகிற பொருள் அது. அடுத்த ஜோடிக்கு மீண்டும் அதே வேலை. பிரிட்டனின் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறங்களில் பாயின்ட் ஷூ விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018இல்தான். ஒரு கலை யாரைத் தன்னுடையவராக எண்ணியது என்பதற்கு, கடை அலமாரியைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

பணத்தின் கதை சுருக்கமானது, துயரமானது. லாப நோக்கற்ற நடன அமைப்பு டிக்கெட் வருமானத்தில் மட்டும் பிழைக்க முடியாது. நன்கொடையும் மானியமும் வற்றினால் பெரிய குழுவும் நீண்ட பயணங்களும் கழுத்தை நெரித்துவிடும். 1990இல் குழு சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. 2004இல் கடன் சுமார் 23 லட்சம் டாலராகி, குழு கலைக்கப்பட்டது. பள்ளியும் தள்ளாடியது; ஆனாலும் 152ஆம் தெருவில், அதுவும் ஒரு காலத்தில் கராஜாக இருந்த கட்டடத்தில், பிள்ளைகள் கம்பியைப் பிடித்து நிற்பது தொடர்ந்தது. தொழில்முறைக் குழு மீண்டும் மேடைக்கு வர 2012 ஆயிற்று. அதை மீட்டெடுத்துக் கட்டியவர், தொடக்க காலத்திலேயே அங்கு ஆடிய வர்ஜீனியா ஜான்சன். குழு இல்லாமல் பள்ளி எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. பள்ளி இல்லாமல் குழு திரும்பி வந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு நம்பிக்கை இல்லை. 2021இல் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் ஒரு கோடி டாலர் வழங்கினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 84 வயதில், மிட்செல் மறைந்துவிட்டார்.

2015இல் மிஸ்டி கோப்லேண்ட் அமெரிக்கன் பாலே தியேட்டரில் முதன்மை நடனமணி ஆனார். அந்தக் குழுவில் அந்த இடத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்பது உண்மை. அவருடைய உழைப்புக்கு அது தகும். ஆனால் செய்தி கை மாறக் கை மாற ‘அந்தக் குழுவில்’ என்ற சொற்கள் உதிர்ந்துபோய், அவருக்கு முன் கறுப்பின பாலே நடனமணியே இருந்ததில்லை என்பது போலப் பேசப்பட்டது. ஹார்லெம் குழுவில் ஆடிய லிடியா அபார்க்கா 1975இலேயே ‘டான்ஸ் மேகசின்’ அட்டையில் வந்தவர், அவரையே மறந்திருந்தார்கள். எண்ணிக்கையை ஒன்றிலிருந்து இரண்டுக்கு நகரவிடாமல் வைத்திருக்க ‘முதல்’ என்ற சொல் எவ்வளவு வசதியானது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில், அபார்க்கா உட்பட அந்தப் பழைய ஹார்லெம் நடனமணிகள் ஐந்து பேர் வாரந்தோறும் ஜூமில் கூடினார்கள். தங்கள் நினைவுகளை ஒருவருக்கொருவர் சரிபார்த்துத் தொகுத்தார்கள். அவர்கள் தங்கள் கூட்டமைப்புக்கு வைத்த பெயரில் 152ஆம் தெரு இருக்கிறது, தனி மனிதர் பெயர் எதுவும் இல்லை.