நல்லி எலும்பால் வந்த வேலை
நார்ஸ் (பழைய வடஐரோப்பிய) புராணங்களின் பணியாட்கள் பற்றிய உங்கள் கட்டுரை, இடிக்கடவுள் தோரின் பணியாளன் தியால்ஃபியை ‘வேகமாக ஓடுபவன்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அவன் வேலைக்கு வந்த கதையல்லவா சுவையானது! 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி எழுதியது அது. ஒரு குடியானவன் வீட்டில் தோரும் குறும்புக்காரத் தேவன் லோகியும் ராத்தங்குகிறார்கள். தன் வண்டியை இழுக்கும் இரண்டு ஆட்டுக் கடாக்களையே அறுத்துச் சமைத்து, வீட்டாருக்கும் போடுகிறான் தோர். எலும்புகளைத் தோலின்மேல் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். பையன் தியால்ஃபிக்குக் கை சும்மா இருக்குமா? தொடை எலும்பைக் கத்தியால் பிளந்து நல்லியை எடுத்துவிட்டான். விடிந்ததும் தோர் சுத்தியலை உயர்த்த, கடாக்கள் எழுந்து நிற்கின்றன. ஒன்று மட்டும் பின்னங்காலை நொண்டுகிறது! அதற்கு ஈடாகத் தியால்ஃபியும் உடன்பிறந்த ரோஸ்க்வாவும் தோரின் பணியாட்கள் ஆனார்கள். அவன் நல்லி தின்றதற்கு அவள் ஏன் போக வேண்டும்? கூடவே நடந்துபோவதைத் தவிர, பின்கதையில் அவளுக்கு எதுவுமே இல்லை.

அப்புறம், கடலரசன் ஏகிரின் பணியாளன் ஃபிமாஃபெங்கை விட்டுவிட்டீர்களே. ஏகிர் தேவர்களுக்கு வைத்த விருந்தில் பணியாட்களை எல்லோரும் பாராட்ட, அது பொறுக்காமல் லோகி ஃபிமாஃபெங்கைக் கொன்றான். தேவர்கள் கேடயங்களை ஆட்டிக் கூச்சலிட்டு லோகியைக் காட்டுக்கு விரட்டினார்கள். பிறகு திரும்பி வந்து குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.