நாள் முழுக்கத் தோளை இறுக்கி வைக்க வேண்டாம்

"தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்து, நாள் முழுக்கக் கீழே அழுத்தி வைத்தால் ஒரே வாரத்தில் கழுத்து வலி போய்விடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தோள்பட்டைப் பயிற்சி கழுத்துக்கு உதவும் என்பது சரி. கழுத்தின் மேல் 4 எலும்புகளிலிருந்து இறங்கும் ஒரு தசை, தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில்தான் வந்து ஒட்டுகிறது. அதனாலேயே, தோளைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தத் தசை இழுபட்டபடியே நிற்கும். சிலருக்கு வலி கூடவும் செய்யும்.

தோள்பட்டை எலும்பு அசைய வேண்டும், அதுதான் முக்கியம். சுவரில் இரு உள்ளங்கைகளையும் பதியுங்கள். முழங்கையை மடக்காமல் மார்பை மெல்லச் சுவர்ப் பக்கம் தளரவிடுங்கள். முதுகில் இரண்டு எலும்புகளும் நெருங்கி வருவது தெரியும். அப்புறம் சுவரைத் தள்ளுங்கள், அவை விலகும். தோள் காதை நோக்கி ஏறாமல் 10 முறை செய்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

3 மாதத்துக்கு மேல் நீடித்த வலி குறையப் பல வாரங்கள் பிடிக்கும். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.