யூனிகோடுக்கு முன்னும் தமிழ் இருந்தது
“யூனிகோடு வந்தபிறகுதான் இணையத்தில் தமிழே வந்தது, அதுவரை எல்லாம் ஆங்கிலம்தான்” என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. (யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான கணினிக் குறியீட்டு முறை.) 1995லேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை வலையேற்றிவிட்டார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வந்தது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். இன்று நாம் எடுத்து ஒட்டும் சங்கப் பாடல்களில் எத்தனையோ அவர்கள் கைபட்டவை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தளத்துக்குத் தளம் எழுத்துரு மாறும். அதை இறக்கி நிறுவாவிட்டால் திரை முழுக்கப் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான். யூனிகோடுக்கு முன் புழங்கிய திஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறையில் ‘கெ’ என்று அடித்தால் கொம்பு முதலில், ககரம் பிறகு சேமிக்கப்படும். யூனிகோடில் ககரம் முதலில். அதனால்தான் பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருளில் போட்டு எடுக்க வேண்டியிருக்கிறது, தேடினாலும் அவை கிடைப்பதில்லை.

இன்னொன்று: யூனிகோடின் 1991 முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. நம் கணினிகள் அதைக் காட்டத்தான் நாளாயிற்று. விண்டோஸ் 2000க்குப் பிறகுதான் நிலைமை மாறியது. தேடலில் வராத ஒரே காரணத்துக்காக அந்த முன்னோடிகளின் உழைப்பை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். மதுரைத் திட்டத் தளம் இன்றும் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள்.